தொட்டி மீனுக்கு எது சத்தான தீவனம்? வெள்ளக்கோயில் தம்பிக்கு ஒரு பதில்

வெள்ளக்கோயிலில் இருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார். அவர் வீட்டில் மூன்றடிக் கண்ணாடித் தொட்டி. அதில் உருண்டை உடம்பு ஒராண்டா என்ற தங்கமீன் நான்கு, நீளவால் தங்கமீன் இரண்டு, சக்கர் மீன் இரண்டு, கப்பி பத்துப் பன்னிரண்டு. தனிக் குடுவையில் ஒரு ஃபைட்டர் மீன். எல்லாவற்றுக்கும் போர்வெல் தண்ணீர்தான். கடையில் பாலித்தீன் பையில் அளந்து கொடுக்கும் சிவப்பு, பச்சைக் குருணையை ஒன்றரை ஆண்டாகப் போட்டு வருகிறார். இப்போது ஒராண்டா ஒன்று தலைகீழாக மிதக்கிறது, மற்றவற்றின் நிறமும் வெளுத்துக்கொண்டே வருகிறது. கடைக்காரர் 45 சதவீதப் புரதம் உள்ள டப்பாவை வாங்கச் சொல்கிறாராம். வீட்டில் அப்பாவோ, "கோழித் தீவனமும் கடலைப் புண்ணாக்கும் மூட்டையாகக் கிடக்கும்போது மீனுக்குத் தனியாக எதற்குக் காசு" என்கிறாராம். யார் சொல்வதைக் கேட்பது என்பதே தம்பியின் கேள்வி.

நான் நாமக்கல் பக்கம் ஒரு கோழித் தீவன ஆலையில் தரம் பார்க்கும் வேலையில் நெடுநாள் இருந்தவன். மீன் வளர்ப்பு அதற்கும் முன்பிருந்தே உண்டு. தீவனத்தையும் மீனையும் அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அப்பாவும் கடைக்காரரும் செய்வது ஒரே தவறுதான். தின்னப் போகிற உயிரின் வாயையும் குடலையும் பார்க்காமல் இருவருமே மூட்டையையும் டப்பாவையும் பார்க்கிறார்கள்.

நம் ஊரில் இதை விளக்குவது எளிது. காங்கேயம் மாட்டுக்குப் பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டுக்கல்லில் ஆட்டி வைக்கிறோம். அதே பருத்திக்கொட்டையைக் கோழிக்கு யாரும் அள்ளிப் போடுவதில்லை. கோழிக்கு இறைக்கும் கம்பை மட்டும் வைத்து எருமையை வளர்ப்பவரும் இல்லை. கட்டுத்தறியில் இவ்வளவு கவனமாக இருக்கும் நாம் தொட்டிக்கு முன்னால் நின்றதும் மீன் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். உங்கள் வீட்டில் இருப்பது நான்கு வகை மீன். நான்குக்கும் வாய் வேறு, வயிறு வேறு.

தங்கமீனை எடுத்துக்கொள்ளுங்கள். அது கெண்டை இனம். அதற்கு இரைப்பையே கிடையாது. நமக்கு இருப்பதுபோல உணவைத் தேக்கி அமிலத்தில் ஊறவைக்கிற பை அதன் உடம்பில் இல்லை. தொண்டைக்குள் இருக்கும் பற்களால் அரைத்ததை நேராக நீளக் குடலுக்குள் தள்ளிவிடும். குளத்தில் அது நாள் முழுவதும் சேற்றைக் கிளறிப் பாசி, புழு, அழுகிய இலை என்று கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்துகொண்டே இருக்கும். அந்தக் குடலுக்கு ஏற்றது சிறிது சிறிதாக, அடிக்கடி, நார்ச்சத்தோடு தருவதுதான். நீங்கள் காலையில் ஒரு கை அள்ளிப் போட்டுவிட்டுக் கடைக்குக் கிளம்பினால், பசி அடங்கத் தெரியாத அந்த மீன் கிடைத்ததையெல்லாம் விழுங்கும். காய்ந்த குருணை உள்ளே போய் ஊறிப் பருக்கும். உருண்டை உடம்பு ஒராண்டாவுக்கு வயிற்றுக்குள் இடம் ஏற்கெனவே குறைவு. வீங்கிய குடல் காற்றுப்பையை அழுத்தினால் மீன் நிலைகுலைந்து மிதக்கும். உங்கள் மீனுக்கு நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். அதற்கு என்ன செய்வது என்று கடைசியில் சொல்கிறேன்.

ஃபைட்டர் இதற்கு நேர் எதிர். அதன் வாய் மேல்நோக்கித் திறந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். தாய்லாந்துப் பக்கத்து நெல்வயல்களிலும் ஆழமில்லாத நீரிலும் வாழ்ந்த இனம் அது. நீரின் மேற்பரப்பில் விழும் பூச்சியையும் கொசுப்புழுவையும் பிடித்துத் தின்னவே அந்த வாய். குடல் குட்டை. மாமிசம் வேண்டும். கடைக்காரர் சொல்லும் 40, 45 சதவீதப் புரதம் இதற்குப் பொருந்தும். ஆனால் ஒரு வேளைக்கு இரண்டு மூன்று சிறு குருணை போதும். ஃபைட்டர் வளர்ப்பவர்கள் அதன் வயிறு அதன் கண்ணளவு என்று சொல்வார்கள். அந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கப்பி இரண்டுக்கும் நடுவில். கொசுப்புழுவும் தின்னும், பாசியும் கொறிக்கும். வாய் சிறியது என்பதால் தங்கமீனுக்கான குருணையை விரலால் பொடித்துத்தான் தர வேண்டும். முழுக் குருணையைக் கப்பி கவ்விக் கவ்வித் துப்புவதைப் பார்த்துவிட்டு, "தின்னத்தான் செய்கிறது" என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

சக்கர் மீனுக்குத்தான் நம் வீடுகளில் பெரிய அநியாயம் நடக்கிறது. "தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன், அதற்குத் தனியாகத் தீனி வேண்டாம்" என்று சொல்லி விற்கிறார்கள். அது கழிவைத் தின்பதில்லை. பாசியைச் சுரண்டித் தின்னும். கண்ணாடியில் இருக்கும் பாசி ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும், பிறகு அது பட்டினிதான். பசித்த சக்கர் மீன் இரவில் தங்கமீனின் விலாவில் ஒட்டிக்கொண்டு மேல் கோழையை உறிஞ்சும், அந்த இடம் புண்ணாகும். விளக்கை அணைத்த பிறகு மூழ்கும் பாசி வில்லை ஒன்று போடுங்கள். இல்லையென்றால் சுரைக்காயோ வெள்ளரிக்காயோ ஒரு வட்டம் நறுக்கி, கொஞ்சம் வேகவைத்து, எவர்சில்வர் ஸ்பூனில் குத்தி அடியில் இறக்கிவிட்டு, காலையில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். இன்னொன்று: வளர்ந்து பெரிதாகிவிட்டது என்று அதை நொய்யலிலோ அமராவதியிலோ ஊர்க் குளத்திலோ விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டு நீர்நிலைகளில் அது ஏற்கெனவே பரவி உள்ளூர் மீன்களுக்குத் தொல்லையாகியிருக்கிறது.

இனி அப்பாவின் யோசனை. அவர் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. குளத்தில் கெண்டை வளர்ப்பவர்கள் தவிட்டையும் கடலைப் புண்ணாக்கையும் சரிபாதி கலந்துதான் காலங்காலமாகப் போட்டு வருகிறார்கள், மீனும் கிலோக் கணக்கில் வளர்கிறது. ஆனால் குளத்து மீனுக்குப் புண்ணாக்கு பக்கத்துணை மட்டும்தான். சாணம் கரைத்துவிட்ட குளத்தில் நுண்பாசியும் நீர்ப்பூச்சியும் நிறைந்திருக்கும். வைட்டமின், தாது, நல்ல கொழுப்பு எல்லாம் மீனுக்கு அதிலிருந்து கிடைத்துவிடும். கண்ணாடித் தொட்டியில் அப்படி எதுவும் இல்லை. நீங்கள் போடுவதுதான் அதற்கு முழு உலகம். அதில் ஒரு சத்து விட்டுப்போனால் ஈடுகட்ட வழியே இல்லை.

கோழித் தீவனம் கூடவே கூடாது. முட்டைக்கோழித் தீவனத்தில் 16 முதல் 18 சதவீதம்தான் புரதம் இருக்கும். பெரும்பகுதி மக்காச்சோளம். அந்த மாவுச்சத்தை மீன் அரைகுறையாகத்தான் செரிக்கும், மிச்சம் தண்ணீரைக் கலக்கும். அதைவிட முக்கியம் சுண்ணாம்புச் சத்து. முட்டை ஓட்டுக்காக அந்தத் தீவனத்தில் நான்கு சதவீதம்வரை கால்சியம் சேர்ப்போம், கிளிஞ்சல் தூளாகவும் சுண்ணாம்புக்கல் தூளாகவும். மீன் தனக்கு வேண்டிய கால்சியத்தைப் பெரும்பாலும் தண்ணீரிலிருந்தே செவுள் வழியாக எடுத்துக்கொள்ளும், அதிலும் உங்கள் ஊர்ப் போர்வெல் தண்ணீரில் அதற்குப் பஞ்சமே இல்லை. கோழிகளுக்கு வரும் குடல்நோயைத் தடுக்கச் சில தீவனங்களில் மருந்தும் கலந்திருக்கும். அது மீனுக்கானது இல்லை.

புண்ணாக்கில் வேறோர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஈரம் பட்ட கடலையிலும் மக்காச்சோளத்திலும் ஒரு பச்சை மஞ்சள் பூஞ்சணம் பிடிக்கும். அது விடும் நஞ்சின் பெயர் அஃப்ளாடாக்சின். 1960இல் இங்கிலாந்தில் பிரேசில் நாட்டுக் கடலைப் புண்ணாக்கைத் தின்ற வான்கோழிகள் ஒரு லட்சத்துக்கும் மேல் செத்து விழுந்தபோதுதான் இந்த நஞ்சையே உலகம் கண்டுபிடித்தது. அதே காலத்தில் அமெரிக்காவின் பண்ணைகளில் டிரவுட் மீன்களுக்குக் கூட்டம் கூட்டமாக ஈரல் புற்றுநோய் வந்தது. அங்கே காரணம் பூஞ்சணம் பிடித்த பருத்திக்கொட்டை மாவு. வேகவைத்தாலும் வறுத்தாலும் இந்த நஞ்சு முழுதாகப் போகாது. ஆலையில் மக்காச்சோள லாரி வந்து நின்றால் எடை போடுவதற்கு முன்பே ஈரம் பார்ப்போம், கைநிறைய அள்ளி முகர்ந்து பார்ப்போம். மக்கிய வாடை லேசாக வந்தாலும் லாரியைத் திருப்பிவிடுவோம். அந்த மூக்கு உங்களுக்கும் வேண்டும்.

கடைக்காரரின் 45 சதவீதத்துக்கு வருவோம். இதைக் கொஞ்சம் நின்று சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் டப்பாவின் மேல் அச்சிட்டிருக்கும் அந்த எண்ணை நம்பித்தான் எல்லோரும் காசு கொடுக்கிறார்கள். ஆய்வகத்தில் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. தீவனத்தில் எவ்வளவு நைட்ரஜன் இருக்கிறது என்று பார்த்து அதை 6.25ஆல் பெருக்குவோம். வருகிற விடைக்குப் பெயர்தான் கச்சாப் புரதம். அந்த நைட்ரஜன் நல்ல மீன் தூளிலிருந்து வந்ததா, கோழி இறகுத் தூளிலிருந்து வந்ததா என்று அந்தக் கணக்குக்குத் தெரியாது. இறகுத் தூளில் புரதம் எண்பது சதவீதம் காட்டும், சரியாகப் பதப்படுத்தாவிட்டால் அதில் பெரும்பகுதி செரிக்காமல் வெளியே வந்துவிடும். 2007இல் அமெரிக்காவில் நாய், பூனை உணவுகளைத் திரும்பப் பெற்றார்களே, அது இந்த ஓட்டையைப் பயன்படுத்தி நடந்த மோசடி. நைட்ரஜன் மிகுந்த மெலமைன் என்ற வேதிப்பொருளைக் கோதுமைப் புரதத்தில் கலந்து எண்ணைக் கூட்டிக் காட்டினார்கள். செல்லப் பிராணிகள் சிறுநீரகம் கெட்டுச் செத்தன.

ஆகவே எண்ணை மட்டும் பார்க்காமல் டப்பாவைத் திருப்பி, பொருள்களின் பட்டியலைப் படியுங்கள். எது எடையில் அதிகமோ அதைத்தான் வழக்கமாக முதலில் எழுதுவார்கள். முதல் மூன்றில் மீன் தூள், இறால் தூள், ஸ்பைருலினா என்ற நுண்பாசித் தூள், சோயா என்று இருந்தால் நல்லது. கோதுமை மாவோ அரிசித் தவிடோ முதலில் நின்றால் அது மாவுக் குருணை. தங்கமீனுக்கு 30 முதல் 35 சதவீதப் புரதம் போதும், குஞ்சுகளுக்கு மட்டும் சற்றுக் கூடுதலாக வேண்டும். ஈரப்பதம் 10, 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

தேவைக்கு மேல் புரதம் போட்டால் என்ன ஆகும்? மீன் அதைச் சேர்த்துவைக்காது. எரித்துவிட்டு, நைட்ரஜனை அம்மோனியாவாகச் செவுள் வழியே தண்ணீரில் விட்டுவிடும். ஒரு கிராம் 45 சதவீதத் தீவனத்தில் சுமார் 72 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கிறது. அதில் பாதிக்கும் மேல் தண்ணீருக்குத்தான் வரும். உங்கள் மூன்றடித் தொட்டி ஏறக்குறைய 130 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், நாள்தோறும் போகும் ஒவ்வொரு கிராமும் எவ்வளவு சுமை என்று நீங்களே கணக்குப் போடலாம். பில்டரில் இருக்கும் நுண்ணுயிரிகள் ஓரளவுக்குத்தான் அதைத் தின்னும்.

இதில் நம் ஊர்த் தண்ணீர் ஒரு பங்கு வகிக்கிறது. அம்மோனியாவின் நஞ்சு தண்ணீரின் காரத்தன்மையைப் பொறுத்தது. அதைக் காட்டும் பிஎச் அளவு 7இல் இருந்து 8க்கு ஏறினால் அதே அளவு அம்மோனியாவில் நஞ்சாகும் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிறது, வெயில் ஏற ஏற இன்னும் கூடுகிறது. கோவையில் சிறுவாணித் தண்ணீரில் மீன் வளர்ப்பவர் தீவனத்தைக் கொஞ்சம் அதிகமாகப் போட்டாலும் தப்பித்துவிடுவார். வெள்ளக்கோயில், காங்கேயம், தாராபுரம் பக்கத்து உப்புத் தண்ணீரில் அதே தவறு மீனைக் கொன்றுவிடும். உங்கள் ஊரில் சத்தான தீவனம் என்பதற்கு, மீன் உடம்பில் தங்குவது அதிகம், தண்ணீரில் கரைவது குறைவு என்று பொருள் வைத்துக்கொள்ளுங்கள்.

அதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் பத்துக் குருணை போட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். தண்ணீர் சிவந்தால் அந்தச் சாயம் வாங்குபவரின் கண்ணுக்காகப் போட்டது, மீனுக்காக அல்ல. குருணை உடைந்து மாவாகக் கரைந்தால் வைட்டமினும் கூடவே கரைந்துபோயிருக்கும். ஊறி மெத்தென்று ஆகியும் உருக்குலையாமல் இருப்பதுதான் நல்ல குருணை.

நிறம் வெளுப்பதைப் பற்றியும் கேட்டீர்கள். மீன் தன் உடம்பில் சிவப்பையும் மஞ்சளையும் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது, தீனியிலிருந்துதான் எடுக்க வேண்டும். நாமக்கல் முட்டையின் மஞ்சள் கரு பளிச்சென்று இருக்கக் கோழித் தீவனத்தில் செண்டுமல்லிச் சாறு கலப்பது உண்டு. தாளவாடிப் பக்கம் வயல் வயலாக மஞ்சளாகப் பூத்து நிற்கிறதே, அந்தப் பூவில் இருக்கும் லூட்டின்தான் அந்த நிறம். தங்கமீனும் கோய் என்ற வண்ணக் கெண்டையும் இந்த வகை நிறமிகளைத் தின்று, உடம்பில் அஸ்டாசாந்தின் என்ற சிவப்பு நிறமியாக மாற்றிக்கொள்ளும் திறமை உடையவை. ஸ்பைருலினா கலந்த தீவனத்தை இரண்டு மாதம் தொடர்ந்து கொடுங்கள், வித்தியாசம் தெரியும். தொட்டி இருட்டு மூலையில் இருந்தாலும் தங்கமீன் வெளுக்கும், அதையும் பாருங்கள். சில தங்கமீன்கள் வயதாக ஆக இயல்பாகவே வெள்ளையாகிவிடும், அதற்குத் தீவனம் பொறுப்பில்லை.

பாலித்தீன் பையில் அளந்து தரும் குருணையை இன்றோடு நிறுத்திவிடுங்கள். இது என் சொந்த அனுபவம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் மலிவாகக் கிடைத்தது என்று ஒரு கிலோ அப்படி வாங்கி, எட்டு மாதம் வைத்துப் போட்டேன். அந்த ஆண்டு பிறந்த குஞ்சுகளில் பாதிக்கு முதுகு வளைந்துபோனது. பெரும்பாலான மீன்களால் வைட்டமின் சியைத் தாமே உண்டாக்க முடியாது. அது குறைந்தால் எலும்பு சரியாகக் கட்டாமல் முதுகெலும்பு வளையும். அந்த வைட்டமினோ காற்று, வெளிச்சம், சூடு மூன்றுக்கும் தாங்காது. திறந்த மூட்டையில் மாதக்கணக்கில் கிடந்த குருணையில் அது மிஞ்சியிருக்க வாய்ப்பே இல்லை. தீவனத்தை மாற்றி, புதிதாக மூடிய சிறு டப்பாக்களாக வாங்கத் தொடங்கிய பிறகு அடுத்த ஈட்டுக் குஞ்சுகள் நேராகவே வளர்ந்தன. அந்த வளைந்த குஞ்சுகள் நீந்தத் தவித்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

எனவே பெரிய டப்பா மலிவு என்று வாங்காதீர்கள். இரண்டு மூன்று மாதத்தில் தீரும் அளவே வாங்குங்கள். தயாரித்த தேதியைப் பாருங்கள். வீட்டில் எல்லோரும் தீவன டப்பாவைத் தொட்டி மூடியின் மேலேயே வைப்பார்கள். விளக்குச் சூடும் தண்ணீர் ஆவியும் சேர்ந்து படுகிற இடம் அது, அதைவிடக் கெட்ட இடம் வேறில்லை. பாதியைக் காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வெளியே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். திறந்ததும் நல்ல கருவாட்டு வாடை வர வேண்டும். பழைய எண்ணெய்ச் சிக்கு வாடை வந்தால் கொழுப்பு கெட்டுவிட்டது, செடிக்குக்கூட வேண்டாம், தூர எறிந்துவிடுங்கள்.

இனி வீட்டில் கிடைப்பவை. அப்பாவுக்குப் பிடித்த பகுதி இதுவாக இருக்கும். மாட்டுக்கு நீங்கள் அசோலா வளர்த்தால் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசித் தங்கமீனுக்குப் போடுங்கள். காய்ந்த எடையில் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு அதில் புரதம் உண்டு, நார்ச்சத்தும் உண்டு. சாணம் கரைத்த குட்டையில் வளர்ந்ததென்றால் அலசுவதில் சோம்பல் கூடாது. முருங்கைக்கு உங்கள் பக்கம் கேட்கவே வேண்டாம், மூலனூரும் அரவக்குறிச்சியும் கூப்பிடு தூரம். இலையை வேகவைத்து மசித்துச் சிறிதளவு சேர்க்கலாம். பச்சைப் பட்டாணியை வேகவைத்துத் தோலை உரித்துப் பிசைந்து கொடுத்தால் தங்கமீனின் வயிறு இளகும். சந்தையில் வாங்கும் கீரையில் மருந்து அடித்திருப்பார்கள். மீன் பூச்சிமருந்துக்கு நம்மைவிடப் பல மடங்கு சீக்கிரம் சாகும். எனவே தோட்டத்துக் கீரையாக, மருந்து படாததாகப் பாருங்கள்.

உடுமலை, கோபி பக்கம் பட்டுக்கூடு எடுத்து நூல் நூற்ற பிறகு மிஞ்சும் கூட்டுப்புழு மீனுக்கு அருமையான தீனி. ஜப்பானில் கோய் மீன்களுக்கு அதை நெடுங்காலமாகக் கொடுத்து வந்திருக்கிறார்கள். ஆனால் அதில் கொழுப்பு மிக அதிகம், ஓரிரு வாரத்திலேயே சிக்கு வாடை வந்துவிடும். புதிதாகக் காயவைத்தது கிடைத்தால் வாரத்துக்கு ஒருமுறை, பொடித்துக் கொஞ்சமாக, அவ்வளவே.

கூழாகச் செய்து கட்டிகளாக நறுக்கிவைத்துக்கொள்வது என் வழக்கம். நூறு கிராம் பட்டாணி, ஒரு கை முருங்கைக்கீரை, ஐம்பது கிராம் தோலுரித்த இறால் மூன்றையும் வேகவைத்து மிக்சியில் மையாக அரைத்துக்கொள்வேன். உப்பு, எண்ணெய், மசாலா எதுவும் கிடையாது. கடற்பாசி என்று மளிகைக் கடையில் விற்கிறார்களே, அதைத் தனியாகத் தண்ணீரில் கொதிக்கவைத்துக் கரைத்து இதில் கலப்பேன். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும், இறுகுவதற்கு முன், ஒரு தேக்கரண்டி ஸ்பைருலினாத் தூளைக் கலந்துவிடுவேன். கொதிக்கும்போது சேர்த்தால் சத்து வீணாகும். ஜெலட்டின் வேண்டாம், நம் சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீர் முப்பது டிகிரியைத் தாண்டினால் அது இளகிக் கரைந்துவிடும். கடற்பாசி அந்தச் சூட்டில் அசையாது. கட்டிகளை உறைபெட்டியில் வைத்து மூன்று நான்கு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். வாரத்தில் மூன்று நாள் இது, மற்ற நாள் கடைக் குருணை. வீட்டுத் தீனியை மட்டுமே நம்பினால் ஏதாவது ஒரு வைட்டமின் கட்டாயம் விட்டுப்போகும்.

உயிர் இரை பற்றி. டியூபிஃபெக்ஸ் புழு சாக்கடையில் வளர்வது. எவ்வளவு அலசினாலும் அதன் குடலில் இருக்கும் கிருமி போகாது. நான் கொடுப்பதில்லை, உங்களுக்கும் சொல்ல மாட்டேன். கொசுப்புழு ஃபைட்டருக்கு அமிர்தம்தான், ஆனால் அதற்காக வாளியில் தண்ணீர் தேக்கிவைத்தால் ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகப் பறந்துவிடும். டெங்குவைப் பரப்பும் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. தெருவில் பிள்ளைகள் இருக்கிறார்கள், அது வேண்டாம். ஆர்டீமியா என்ற சின்னஞ்சிறு உப்புநீர் உயிரியின் முட்டையை வாங்கி வீட்டிலேயே பொரிக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் 25 முதல் 30 கிராம் கல்லுப்பு, அரைத் தேக்கரண்டி முட்டை, காற்றுக் குழாய், மேலே விளக்கு. 28 டிகிரிச் சூட்டில் ஒரு நாளில் பொரிந்துவிடும். பொரித்த உடனே கொடுக்க வேண்டும், நேரம் போகப்போக அது தன் கருச்சத்தைத் தானே தின்று தீர்த்துவிடும். துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் உப்பை அலசிவிட்டுப் போடுங்கள். கப்பிக் குஞ்சுகள் இதைத் தின்று வளர்வதைப் போல வேறெதிலும் வளர்ந்து நான் கண்டதில்லை.

பொரி, பிஸ்கட், ரொட்டி, சோறு எதுவும் வேண்டாம். பவானி கூடுதுறைக்குப் போகும்போது பிள்ளைகள் ஆற்று மீனுக்குப் பொரி போட்டுவிட்டு வந்து அதையே தொட்டியிலும் போடுவார்கள். ஓடுகிற காவிரி அதைக் கொண்டுபோய்விடும். தொட்டியில் அது அங்கேயே புளிக்கும்.

அளவுக்கு ஒரு கணக்கு. வளர்ந்த மீனுக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் ஒன்று முதல் இரண்டு சதவீதம். உங்கள் ஆறு தங்கமீனும் சராசரி முப்பது கிராம் இருக்கும் என்று வைத்தால், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு இரண்டு முதல் மூன்று கிராம். தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. அதை மூன்றாகப் பிரித்துக் காலை, மாலை, முன்னிரவு என்று கொடுங்கள். இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்காத எதுவும் அதிகம்தான். மூழ்கும் குருணையாக இருக்கட்டும், போடுவதற்கு முன் தொட்டித் தண்ணீரிலேயே ஐந்து நிமிடம் ஊறவையுங்கள். கோடையில் உச்சி வெயில் நேரத்தில் போடாதீர்கள். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, செரிக்கவோ மீனுக்கு ஆக்சிஜன் கூடுதலாக வேண்டும். மார்கழி, தையில் விடியற்காலைக் குளிரில் போடாமல் வெயில் ஏறிய பிறகு போடுங்கள். வாரத்தில் ஒரு நாள் வளர்ந்த மீன்களுக்கு விரதம். பொங்கலுக்கு ஐந்தாறு நாள் ஊருக்குப் போனாலும் வளர்ந்த மீன் பட்டினியில் சாகாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போவதுதான் ஆபத்து.

இப்போது அந்த ஒராண்டா. மூன்று நாள் அதற்கு எதுவும் போடாதீர்கள். தனித் தொட்டி இருந்தால் ஆழம் குறைவாகத் தண்ணீர் வைத்து அதில் விடுங்கள், மேலே வர அதிகம் போராட வேண்டியிருக்காது. பெரிய தொட்டியில் கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். ஒரு நாள் தேக்கிக் காற்றுப்பட வைத்த போர்வெல் தண்ணீராக இருக்கட்டும். நான்காம் நாள் தோலுரித்த வெந்த பட்டாணியில் பாதி, அடுத்த இரண்டு நாளும் அதுவே. பிறகு ஊறவைத்த மூழ்கும் குருணை. இரண்டு வாரத்தில் நேராகிவிட்டால் வயிற்றுக் கோளாறுதான். ஆகாவிட்டால் காற்றுப்பையிலேயே குறையோ தொற்றோ இருக்கலாம், அப்போது மீன் நோய் தெரிந்த ஒருவரிடம் காட்ட வேண்டும். 130 லிட்டரில் ஆறு தங்கமீன் நெருக்கம்தான். இரண்டையாவது இடம் இருக்கும் நண்பர் யாருக்காவது கொடுத்துவிட முடியுமா என்று பாருங்கள்.

புது டப்பா வாங்கியதும் அதன் பின்பக்கத்தில் முதல் மூன்று பொருள்கள் என்னென்ன என்பதையும், ஒராண்டா எப்படி இருக்கிறது என்பதையும் எழுதுங்கள் தம்பி. அதைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.